டிக்கி மூடி கோணலா நிற்கிறதா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூடினால் வலப்பக்க இடைவெளி அதிகம், இடப்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. கீல் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தலாமா அண்ணா?

அவசரப்பட்டு ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் இடைவெளியின் வடிவத்தைப் பாருங்கள். வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக 6 மி.மீ., இடப்பக்கம் சீராக 2 மி.மீ. என்றால் மூடி மொத்தமாக இடம் மாறியிருக்கிறது; கீலில் சரிசெய்யலாம். ஒரே ஓரத்தில் 3-ல் தொடங்கி 7-ல் முடிந்தால் மூடி திரும்பியிருக்கும், அல்லது ஒரு கீல் வளைந்திருக்கும்.

அடுத்து, ஸ்டிரைக்கரை, அதாவது பூட்டு கவ்விப் பிடிக்கும் இரும்பு வளையத்தை, சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். மூடியை மெதுவாக இறக்குங்கள். இப்போது இடைவெளி தானாகச் சரியானால் கீலில் குற்றமில்லை, ஸ்டிரைக்கர்தான் மூடியை ஒருபக்கம் இழுத்திருக்கிறது. பலர் இதைப் பார்க்காமல் கீலைத் தொட்டு, இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியும் கோணல் என்றால் மூடியைப் பாதி திறந்து, பின்மூலையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கீலின் அச்சாணியில் ஆட்டம் தெரிந்தால் எவ்வளவு சரிசெய்தாலும் நிற்காது, கீலை மாற்றவேண்டும். ஆட்டம் இல்லையென்றால் மூலைகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கீலின் விளிம்பைக் கோடிட்டு, ஒருவர் மூடியைத் தாங்க, போல்ட்டுகளை அரைச்சுற்று மட்டும் தளர்த்தி, 1 மி.மீ. நகர்த்தி, இறுக்கி, மூடிப் பாருங்கள்.

கேள்வி: ஓங்கி அடித்தால்தான் பூட்டுகிறது.

புது பீடிங் (டிக்கி வாயைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை) போட்டிருந்தால் சில நாள் அப்படித்தான் இருக்கும். இல்லையென்றால் ஓரத்து ரப்பர் பஃபர்களை உள்ளே திருகிவிட்டு மூடிப் பாருங்கள். லேசாகப் பூட்டினால் பஃபர் உயரம்தான் காரணம். அதிலும் தீராவிட்டால் ஸ்டிரைக்கரில் துளி கிரீஸ் தடவி மூடித் திறங்கள். பூட்டு வாயின் வலச்சுவரில் கிரீஸ் ஒட்டியிருந்தால் ஸ்டிரைக்கர் இடப்பக்கம் போகவேண்டும்.

கேள்வி: பின்விளிம்பு மட்டும் தூக்கி நிற்கிறது, சார்.

இரண்டு மூலையும் என்றால் ஸ்டிரைக்கரை இறக்குங்கள். ஒரு மூலை மட்டும் என்றால் அந்தப் பக்கத்து பஃபரை இறக்கினால் போதும்.

கேள்வி: மூடி மேலே நிற்காமல் தலையில் விழுகிறது. கீல் தேய்ந்துவிட்டதா?

மூடியைத் தாங்கும் வாயுத் தண்டு, அதாவது கேஸ் ஸ்ட்ரட் உள்ள வண்டியில் காரணம் பெரும்பாலும் கீல் அல்ல, அந்த ஸ்ட்ரட்தான். பின்னால் ஸ்பாய்லர் சேர்த்திருந்தால் கூடுதல் எடையும் ஒரு காரணம். இரண்டு ஸ்ட்ரட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதானால் மூடி முறுக்கிக்கொள்ளும். கட்டையால் முட்டுக்கொடுத்த பிறகே கழற்றவேண்டும். மூட்டுக் கிளிப்பைச் சிறு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கழன்றுவரும். பழையதைத் துளையிடவோ சூடாக்கவோ கூடாது, உள்ளே உயர் அழுத்த நைட்ரஜன் இருக்கிறது. ஸ்ட்ரட்டுக்குப் பதில் முறுக்குக் கம்பி இருந்தால், அது தெறித்தால் விரல் போகும். தகுந்த கருவி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: மழையில் டிக்கிக்குள் தண்ணீர்.

பீடிங்கின்மேல் காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே பிடி இருக்கவேண்டும். தளர்வாக வரும் இடத்தில்தான் கசிவு. எல்லா இடத்திலும் பிடித்தால் டெயில் லேம்ப் கேஸ்கெட்டை (பின்விளக்கைச் சுற்றி நீர் புகாமல் அடைக்கும் பட்டையை) பாருங்கள். பழி மூடிக்கு, ஓட்டை விளக்கில் என்பது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: கீலைச் சரிசெய்த பிறகு நம்பர் பிளேட் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது.

கீல் ஓரமாகப் போகும் ஒயர் கட்டைப் பாருங்கள். மடியும் இடத்தில் உறை வெடித்து, செம்பு தெரியும். அறுந்த ஒயரைச் சற்று நீளம் விட்டு இணையுங்கள். இறுக்கமாக இணைத்தால் மறுபடி அங்கேயே அறும்.