சுவர் இருப்பது செயலிக்குத் தெரியாது

(கொரோனா காலத்தில் ஒரு வாசகருக்கு எழுதிய பதில் இது; செயலியின் இந்த வசதி பின்னர் நிறுத்தப்பட்டது.) திருவல்லிக்கேணி வீட்டை விட்டு இறங்கவே இல்லை, ஆனாலும் கொரோனா தொற்று உள்ளவர் அருகில் இருந்ததாக, மத்திய அரசின் ஆரோக்ய சேது செயலி சொல்கிறது என்று பயந்து எழுதியிருக்கீங்க. பதறாதீங்க சார். புளூடூத் சிக்னலின் பலத்தை வைத்துத்தான் அது தூரத்தைக் கணிக்கிறது. உங்க ஏரியாவின் ஒட்டுச்சுவர் வீடுகளில், பக்கத்து வீட்டுக் கட்டிலில் சார்ஜ் ஏறும் போன்கூட உங்க பக்கத்தில் இருப்பதாகவே பதிவாகலாம். ஆனால் மாடிப்படியில், பால் வாங்கும்போது யாரிடமாவது நின்று பேசினீங்களா, யோசிச்சுப் பாருங்க.

ஆபத்து இல்லை என்று செயலி பச்சை காட்டினாலும் அதை மட்டும் நம்பாதீங்க. இருவரிடமும் செயலி இருந்தால்தான் சந்திப்பு பதிவாகும்; நூற்றுக்கு 40 பேர் வைத்திருந்தால் 40 சதவீதத்தில் 40 சதவீதம், அதாவது சுமார் 16 சதவீதச் சந்திப்புதான் சிக்கும். அதனால் மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து கேட்பதும் தேவைதான். காய்ச்சலோ, காபி மணமே தெரியாமலோ இருந்தால் இன்றைக்கே டெஸ்ட் எடுத்துடுங்க.