ஒன்றுமே நடக்காத ஆட்டம்

அன்புள்ள சார்,

நான் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். போன வாரம் ஆபீஸ் நண்பர்கள் பேஸ்பால் பார்க்க இழுத்துக்கொண்டு போனார்கள். ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து கிளம்பிவிட்டேன். கடைசியில் 1-0 என்று முடிந்ததாம். ஒன்றுமே நடக்காததைப் பார்க்கவா அவ்வளவு கூட்டம்? கிரிக்கெட்டின் நுட்பம் இவர்களுக்கு ஏன் புரிவதில்லை? ஒன்பது வயது மகன் பந்து வீசும் பிட்சர் ஆக வேண்டும் என்கிறான். சேர்த்துவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எட்டாவது இன்னிங்ஸுக்கு முன்னால் எழுந்து போன உங்களை எப்படித் திட்டுவது என்றே தெரியவில்லை. இரண்டு பிட்சர்கள் பந்து வீசும் மேட்டில் நின்று பந்துக்குப் பந்து எதையும் நடக்கவிடாமல் செய்துகொண்டிருந்தார்கள், நீங்கள் கார் சாவியைத் தேடியிருக்கிறீர்கள். கிரிக்கெட்டா பேஸ்பாலா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. இருபது ஓவரில் இருநூறு அடித்தால்தான் ஆட்டம் என்றாகிவிட்ட பிறகு நுட்பத்தைப் பற்றி நாம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

உங்கள் ஊர் பைரேட்ஸ் அணியின் பிட்சர் ஹார்வி ஹாடிக்ஸைப் பற்றியே சில நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். சின்ன உருவம், இடதுகைக்காரர். 1959 மே 26, மில்வாக்கி. உடம்பு சரியில்லாமல்தான் பந்து வீச வந்தார். எதிரில் ஹாங்க் ஆரன், எடி மாத்யூஸ் எல்லாம் இருந்த பிரேவ்ஸ் அணி. இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்ற கணக்கில் ஒன்பது இன்னிங்ஸில் வந்த 27 பேரையும் வரிசையாக அவுட்டாக்கினார். அதோடு முடிந்திருந்தால் பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட பேஸ் ஏறவிடாத ஆட்டம், ஆனால் பைரேட்ஸும் ரன் எடுக்கவில்லையே. பிரேவ்ஸுக்கு வீசிய லூ பர்டெட் 12 ஹிட் (அடித்தவரைப் பேஸ் ஏறவைக்கும் அடி) கொடுத்தும் ஒரு ரன் விடவில்லை. ஆட்டம் நீண்டது. ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸ் வீசினார், 36 பேர், ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை.

பதின்மூன்றாவதில் பைரேட்ஸுக்காக மூன்றாவது பேஸில் ஃபீல்டிங் செய்த டான் ஹோக் ஒரு சாதாரணப் பந்தை எடுத்துத் தப்பாக எறிந்தார். அடித்த பிரேவ்ஸ்காரர் மாண்டில்லா முதல் பேஸில் நின்றுவிட்டார். மாத்யூஸ் பண்ட் செய்து, அதாவது பந்தை மெல்லத் தட்டிவிட்டு, அவரை அடுத்த பேஸுக்கு நகர்த்தினார். ஆரனை அடிக்க விடாமல் வேண்டுமென்றே வெளியே வீசி, முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். அடுத்து வந்த ஜோ அட்காக் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார். அதிலும் ஒரு கூத்து: ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஆரன் பாதியில் ஓட்டத்தை விட்டுவிட, அட்காக் அவரைத் தாண்டி ஓட, ஹோம் ரன், இரண்டு பேஸ் அடியான டபுளாகச் சுருங்கி 1-0 ஆனது.

ஹோக் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். எங்கள் ஊர் டென்னிஸ் பந்துப் போட்டி, ஃபைனல், எதிரணிக்குக் கடைசி ஓவரில் மூன்று ரன் வேண்டும். சைக்கிள் கடையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் வீசினார். ஐந்து பந்தில் ஒரு ரன் இல்லை. ஆறாவது பந்து நேராக என் கைக்கு வந்து, கால் நடுவே புகுந்து, பவுண்டரி. அடித்தவனுக்கு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அண்ணன் என்னைத் திட்டவே இல்லை. காலையில் சீக்கிரம் கடை திறக்கணும் என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஐந்து பந்தை இன்றைக்கு ஊரில் யாரிடம் கேட்டாலும் தெரியாது. குடம் தெரியும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1991-ல் ஒரு கமிட்டி உட்கார்ந்து, ஆட்டம் முடியும்வரை ஹிட்டே விடாமல் இருந்தால்தான் கணக்கு என்று வரையறை போட்டு, ஹாடிக்ஸ் வீசியதைப் பெர்ஃபெக்ட் கேம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. விதிப்படி சரியாகவே இருக்கட்டும், என் ஆத்திரம் தீரவில்லை. 27 பேரை அவுட்டாக்கியவருக்குப் பட்டியலில் இடம் உண்டு, 36 பேரை அவுட்டாக்கியவருக்குக் கிடையாது! தன் ஆட்கள் ஒரு ரன் எடுத்துத் தராததற்கு அந்த மனிதர் என்ன செய்வார்?

ஏதோ கேட்டிருந்தீர்களே, பையன். சேர்த்துவிடுங்கள், கேட்க என்ன இருக்கிறது. ஒன்பது வயதுத் தோள், ஒரு நாளைக்கு இத்தனை பந்துதான் என்று கோச் சொன்னால் மட்டும் கேளுங்கள். அடுத்த முறை அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், காரைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள்.