ஒரே மண், ஒரே சூளை: கையால் அறுத்த செங்கல்லும் வயர்கட் செங்கல்லும் ஏன் வேறுபடுகின்றன?

முக்கியக் காரணம், வடிவமைக்கும்போது மண்ணில் இருக்கும் தண்ணீர். கையால் அச்சில் அடிக்க மண் குழைவாக இருக்க வேண்டும். ஈரம் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம். காயும்போது அந்த நீர் வெளியேறி, கல் அதிகம் சுருங்கும், நுண்துளைகளும் மிஞ்சும். அதனால் நீர் உறிஞ்சுதல் கூடும், வலிமை குறையும், அளவும் கல்லுக்குக் கல் மாறும்.

வயர்கட் இயந்திரம் இறுக்கமான மண்ணைத் திருகால் தள்ளி, வெற்றிட அறையில் காற்றை உறிஞ்சி, வாய் அச்சு வழியே பிதுக்கிக் கம்பியால் அறுக்கிறது. கல் அடர்த்தியாகிறது, விளிம்பு கூர்மையாக வருகிறது. ஆனால் இதற்கும் ஒரு தனி நோய் உண்டு: திருகு சுழன்ற தடம் மண்ணுக்குள் அடுக்கடுக்காகத் தங்கிவிடும். மண் சரியாகப் பிசையப்படாவிட்டாலோ வெற்றிடம் குறைந்தாலோ, காயும்போதும் சுடும்போதும் அந்த அடுக்குகளிலேயே விரிசல் விடும். உப்பு ஏறும் சுவரில் அங்கேதான் செதில் உரியும். முகம் வழுவழுப்பாக இருப்பதால் பூச்சும் எளிதில் பிடிக்காது. வரிப்பள்ளம் உள்ள கல்லாக வாங்குங்கள்.

மூன்றாவதாக, ஏறக்குறைய உலர்ந்த மண்ணை அச்சிலிட்டு அழுத்தும் உலர் அழுத்த முறையும் உண்டு. இதில் ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே. அளவு துல்லியம்; ஆனால் அழுத்தம் நடுப்பகுதி வரை சமமாகப் போய்ச்சேராது.

எந்த முறையானாலும் சரியாக வேகாத கல் தேறாது. வாங்குமுன் 5 கல்லை நன்கு உலர்த்தி எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் உறிஞ்சுதல் 20 சதவீதத்துக்கு மேல், செங்கல்லுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1077-இன்படி அது தள்ளுபடி.