ஒஹாயோ போல நியூஜெர்சியும் கைவிட்டால் சோலார் வருமானம் போய்விடுமா?

வணக்கம். நியூஜெர்சி வீட்டுக் கூரையில் சோலார் போட நினைக்கிறீர்கள். கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும்; மின் நிறுவனங்கள் மாநில இலக்கை எட்டியதாகக் காட்ட அது பயன்படுவதால் அதற்குப் பணம் வரும். மாநிலம் நாளைக்கே விதியை மாற்றினால் அந்தச் சான்றிதழ் பணம் நின்றுவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஒஹாயோ மாநிலம் 2019-இல் தன் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இலக்கை 12.5-இலிருந்து 8.5 சதவீதமாகக் குறைத்து, சூரிய மின்சாரத்துக்கென இருந்த தனிப் பங்கையே எடுத்துவிட்டது. சான்றிதழின் சந்தை விலையை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

ஆனால் உங்கள் நிலைமை வேறு. நியூஜெர்சியின் 2018 சட்டப்படி மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் 2030-க்குள் 50 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், இப்போது சேரும் வீடுகளுக்குச் சான்றிதழ் விலை சந்தையோடு ஏறி இறங்குவதில்லை. பதிவாகும்போது உள்ள தொகை 15 ஆண்டுக்கு நிலையானது. 1 மெகாவாட்-மணி (1,000 யூனிட்) மின்சாரத்துக்கு 1 சான்றிதழ். 10 கிலோவாட் கூரை ஆண்டுக்குச் சுமார் 12 தரும். தொகை பதிவாகும்போதுதான் உறுதியாகும் என்பதால், பதிவு எண் கைக்கு வரும்வரை அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது ஒப்பந்தத்தைப் பற்றி. சோலாரைக் குத்தகைக்கு எடுத்தால் சான்றிதழ் பெரும்பாலும் நிறுவனத்துக்கே போகும். சான்றிதழ் யாருக்கு என்று சொல்லும் இடம் அதுதான்: "சுற்றுச்சூழல் பலன்கள்" என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். விற்பனையாளர் 30 சதவீத மத்திய வரிச்சலுகையையும் சேர்த்துக் காட்டினால் அதைக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். சொந்தமாக வாங்கும் வீடுகளுக்கு அது 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது.