ரப்பர் தோட்டமும் காடுதானா?

கேள்வி: இந்தியாவின் காடுகளும் நிலமும் 2020ஆம் ஆண்டில் மட்டும் 52 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கியதாக மத்திய அரசு ஐ.நா.வுக்குக் கணக்குக் கொடுத்திருக்கிறது. பிரேசிலும் இந்தோனேசியாவும் காட்டை அழித்துக் கார்பனை வெளியே விடுகின்றன. எங்கள் குமரி மாவட்டத்திலும் திரும்பிய பக்கமெல்லாம் ரப்பரும் தென்னையும்தான். பெருமைப்பட வேண்டிய இடத்திலும் நீங்கள் குறை சொல்வது ஏன்?
– வாசகர் ஒருவர், குலசேகரம்

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். 2020இல் நம் மொத்த உமிழ்வு சுமார் 296 கோடி டன். அதில் இந்த 52ஐக் கழித்து 244 என்று காட்டுகிறோம். விதிமுறைப்படி அது சரிதான். ஆனால் கழிக்கிற காட்டுக்குள் என்னென்ன இருக்கின்றன?

உங்கள் ஊர்ப்பக்கமே பார்ப்போம். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதமாவது மரங்களின் கவிகை (மேலே விரிந்த தழைப்பரப்பு) இருந்தால் அது காட்டுப்பரப்பு. நிலம் யாருடையது, நிற்பது என்ன மரம் என்று பார்ப்பதில்லை. அருமனையில் ஒருவர் மூன்று ஏக்கரில் வைத்திருக்கும் ரப்பரும் காடு, கோதையாற்றுக்கு மேலே நிற்கிற பழங்காடும் காடு. ரப்பரில் ஏழாம் வருடம் போல பால் வெட்டத் தொடங்கி, இருபத்தைந்து முப்பது வருடத்தில் மரத்தையே முறித்துவிடுவோம். தடி பெட்டிக்கும் விறகுக்கும் போகும். அதில் இருந்த கார்பனில் பெரும்பகுதி திரும்பக் காற்றுக்கே போய்ச் சேரும். பழங்காடு தலைமுறை தலைமுறையாக மண்ணிலும் மரத்திலும் சேர்த்துவைத்தது அப்படிப் போவதில்லை.

கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு பக்கம் இப்போது அரசு ரப்பர் நிற்கிற மலைச்சரிவுகள் முன்பு காடாக இருந்தவை. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு அந்தத் தோட்டங்கள்தான் சோறு போட்டன. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பரப்பை மட்டும் பார்க்கிறவருக்கு அங்கே ஒரு காடு போனதே தெரியாது.

மற்ற நாடுகளும் இப்படித்தான். எந்தக் காடு மனிதர் பராமரிப்பில் இருக்கிறது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்கிறது. அதில் தானாக வளர்வதும் நாட்டின் வரவில் ஏறிவிடும். கனடா, காட்டுத்தீயில் வெளியாகும் கார்பனை இயற்கைச் சேதம் என்று மொத்தக் கணக்கிலிருந்து ஒதுக்கிவைக்கிறது. நாடுகள் கொடுக்கும் கணக்கைக் கூட்டினால் வருவதற்கும், காட்டை அழித்ததையும் புதிதாக நட்டதையும் வைத்து விஞ்ஞானிகள் போடும் கணக்குக்கும் ஆண்டுக்குப் பல நூறு கோடி டன் இடைவெளி விழுவது இதனால்தான். பிரேசிலின் காடழிப்பும், இந்தோனேசியாவில் கரிச்சதுப்பு நிலத்தை, அதாவது மட்கிய செடிகொடிகள் சேர்ந்து கிடக்கும் ஈரநிலத்தை, வடித்து எரிப்பதும் பெரிய கேடு, சந்தேகமே இல்லை. அதை வைத்து நம் 52 கோடியை அளக்க முடியாது. ஒப்பிடுவதென்றால் எவ்வளவு பழங்காடு போனது, எவ்வளவு புதிதாக நட்டது என்று இரண்டையும் கழிக்காமல் தனித்தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் ஊர் ஏலாக்களை, அதாவது வயல்வெளிகளை, ஒருமுறை போய்ப் பாருங்கள். நெல் விளைந்த வயலில் மண்ணடித்து ரப்பரோ தென்னையோ வைத்தால், பரப்பு ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்தால், கணக்கில் காடு கூடுகிறது. தண்ணீர் கட்டிய வயலிலிருந்து வந்த மீத்தேனும் குறைகிறது. இரண்டு பத்தியிலும் நமக்கு லாபம். வயலோடு போன நெல்லுக்கும், அது நிலத்துக்குள் இறக்கிய தண்ணீருக்கும் அந்தக் கணக்கில் பத்தியே கிடையாது.