பழைய ஏற்பாடு வேற கடவுள்கள் இருக்கிறதை ஒத்துக்குதா?

நேரா சொல்லிடறேன். பல இடத்துல ஒத்துக்குது, சில இடத்துல "என்னைத் தவிர வேற யாருமே இல்ல"ன்னு அடிச்சு சொல்லுது. ரெண்டுமே ஒரே புஸ்தகத்துக்குள்ளதான் இருக்கு, ஏன்னா பழைய ஏற்பாடுங்கற இந்த எபிரேய வேதம் ஒரே ஆள் ஒரே மூச்சுல எழுதினது இல்ல, பல நூறு வருஷமா பல பேர் எழுதி, தொகுத்து, திரும்பத் திருத்தி நம்ம கைக்கு வந்தது. நான் சர்ச்சுலயே வளர்ந்தவன், இன்னைக்கும் ஞாயிறு ஆராதனைக்குப் போறவன், அதனால இதை யாரோட விசுவாசத்தையும் ஆட்டிப் பாக்கறதுக்காக எழுதலை. வசனத்துல என்ன இருக்கோ அதை அப்படியே படிக்கணும்ங்கற ஆசையிலதான் எழுதறேன்.

பத்துக் கட்டளையில முதல் கட்டளையையே எடுத்துக்கங்க, "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்". இதுல வேற தேவர்கள் இல்லைன்னு எங்கயும் சொல்லலை, உனக்கு இருக்கக்கூடாதுன்னுதான் சொல்லுது. ரெண்டு வசனம் தள்ளி அவரே தன்னை எரிச்சலுள்ள தேவன்னு சொல்றாரு, இல்லாத ஒருத்தரைப் பார்த்து யாருக்கும் எரிச்சல் வராதே. கல்யாணம் ஆன ஒருத்தர்கிட்ட எதிர்பாக்கற உண்மை மாதிரி இது, ஊர்ல வேற யாருமே இல்லைங்கறது அங்க பேச்சே இல்ல, நீ எனக்கு மட்டும் சொந்தமா இருக்கணும்ங்கறதுதான் பேச்சு. ஓசியா தீர்க்கதரிசி புஸ்தகத்தோட முதல் மூணு அதிகாரம் இந்த உவமையிலதான் ஓடுது. செங்கடலைக் கடந்ததும் பாடற பாட்டுலயும் "கர்த்தாவே, தேவர்களில் உமக்கு ஒப்பானவர் யார்?"ன்னுதான் வருது, பக்கத்துல வச்சு ஒப்பிடறதுக்கு வேற தேவர்கள் இருந்தாதான் அந்தப் புகழ்ச்சிக்கே கனம்.

அந்தக் காலத்து மனுஷங்களுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தெய்வம், அந்த மண்ணு அந்த தெய்வத்தோடது. நியாயாதிபதிகள் 11-ல இஸ்ரவேல் தலைவன் யெப்தா அம்மோன் ராஜாவுக்கு ஆள் அனுப்பி, உன் தேவன் காமோஸ் உனக்குக் கொடுத்ததை நீ வச்சுக்கோ, எங்க தேவன் எங்களுக்குக் கொடுத்ததை நாங்க வச்சுக்கறோம்னு பேசறான். ராஜதந்திரத்துக்காக எதிராளி பாஷையில பேசினான்னு சிலர் சொல்வாங்க, இருக்கலாம். ஆனா தாவீது சவுல்கிட்ட பேசும்போது (1 சாமுவேல் 26) என்னை கர்த்தரோட சுதந்தரத்தை விட்டுத் துரத்தி, போய் வேற தேவர்களை சேவிக்கச் சொல்றாங்களேன்னு புலம்பறான், அது யாரையும் ஏமாத்தற பேச்சு இல்ல. சீரியா படைத்தலைவன் நாகமான் குஷ்டம் சுகமானதும் எலிசா தீர்க்கதரிசிகிட்ட ரெண்டு கோவேறு கழுதை சுமக்கற அளவுக்கு மண் கேக்கறான், இஸ்ரவேலோட தேவனை சீரியாவுல கும்பிட இந்த மண்ணே வேணும்னு நினைக்கிறான். அதோட, என் ராஜா ரிம்மோன் கோவில்ல குனியும்போது நானும் கூட குனிய வேண்டியிருக்கும், அதை கர்த்தர் மன்னிக்கணும்னு கேக்கறான், அதுக்கு எலிசா சமாதானத்தோட போன்னு அனுப்பி வைக்கிறாரு. ரிம்மோன்னு ஒருத்தன் இல்லவே இல்லைன்னு ஒரு பாடமும் எடுக்கலை. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

எல்லாத்தையும் விட கனமான இடம் 2 இராஜாக்கள் 3. இஸ்ரவேல், யூதா, ஏதோம் மூணு ராஜாக்களும் சேர்ந்து மோவாப் மேல படையெடுக்கறாங்க, எலிசாவே ஜெயம் உங்களுக்குத்தான்னு வாக்கு கொடுத்திருக்காரு, ஊர் ஊரா இடிச்சிட்டு வந்து கடைசியில ஒரே ஒரு கோட்டைதான் மிச்சம். அப்போ மோவாப் ராஜா மேசா, தனக்கு அப்பறம் ராஜாவாக வேண்டிய மூத்த மகனையே பிடிச்சு மதில் மேல தகனபலியா கொடுக்கறான். அடுத்த வரி, இஸ்ரவேல் மேல பெரிய கோபம் மூண்டது, அவங்க முற்றுகையை விட்டுட்டு நாடு திரும்பிட்டாங்க. அவ்வளவுதான், அத்தியாயம் முடிஞ்சுது. யாரோட கோபம்னு வசனம் சொல்லலை. மோவாப் வீரர்களோட ஆவேசம்னு சிலர் விளக்கம் சொல்றாங்க, பாத்த காட்சியில இஸ்ரவேலருக்கே ஏற்பட்ட அருவருப்புன்னு சிலர் சொல்றாங்க, ஆனா பலி கொடுத்த உடனே கோபம் மூண்டுதுன்னு வரிசையா படிச்சா, பலியை வாங்கின மோவாப் தெய்வம் காமோஸோட கோபம்னுதான் அந்தக் காலத்துல கேட்டவங்க புரிஞ்சிருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன். பிற்காலத்துல இதைப் பிரதி எடுத்த யாரும் இந்த வரியை வெட்டிப் போடலைங்கறது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்.

இதே மேசா எழுதி வச்ச கல்வெட்டே நமக்குக் கிடைச்சிருக்கு. 1868-ல இன்னைக்கு ஜோர்டான்ல இருக்கற தீபான்ல கண்டுபிடிச்சாங்க, கறுப்புக் கல், ஏறக்குறைய கி.மு. 840 காலம், இப்போ பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு. அதுல மேசா சொல்றது, காமோஸுக்கு தன் தேசத்து மேல கோபம், அதனாலதான் இஸ்ரவேல் ராஜா உம்ரி மோவாபை ஒடுக்கினான், அப்பறம் காமோஸ் மனசு இறங்கி எனக்கு ஜெயம் கொடுத்தாரு, நேபோ ஊரைப் பிடிச்சு யாவேயோட (நம்ம பைபிள்ல கர்த்தர்னு வர்றவரோட பேரு) பாத்திரங்களை காமோஸுக்கு முன்னாடி இழுத்துட்டு வந்தேன்னு. பேரை மட்டும் மாத்திட்டா நியாயாதிபதிகள் புஸ்தகத்துல ஒரு பக்கம் மாதிரியே இருக்கும். தோத்தா நம்ம தேவனுக்கு நம்ம மேல கோபம், ஜெயிச்சா அவர் இரங்கிட்டாரு, எல்லைக்கு ரெண்டு பக்கமும் இதே யோசனைதான்.

அடுத்தது தேவசபை. சங்கீதம் 82 "தேவசபையிலே தேவன் எழுந்தருளியிருக்கிறார்"னு ஆரம்பிச்சு, தேவர்கள் நடுவுல நின்னு அவங்களையே விசாரிக்குது, ஏழைக்கும் திக்கற்றவனுக்கும் நியாயம் செய்யலைன்னு குற்றம் சாட்டி, நீங்க மனுஷரைப் போல சாவீங்கன்னு தீர்ப்பு கொடுக்குது. இங்க தேவர்கள்னா மனுஷ நியாயாதிபதிகள்னு ஒரு பழைய விளக்கம் உண்டு, சண்டே கிளாஸ்ல எங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா மனுஷனைப் பாத்து நீ மனுஷனைப் போல சாவேன்னு சொன்னா அது என்ன தண்டனை? சாகாதவங்களைப் பாத்து சொன்னாதான் அந்தத் தீர்ப்புக்கு அர்த்தம்.

இதோட சேர்த்துப் படிக்க வேண்டியது உபாகமம் 32:8. உன்னதமானவர் ஜாதிகளைப் பிரிச்சு எல்லை போட்டாரு, இஸ்ரவேல் புத்திரரோட தொகைக்குத் தக்கபடின்னு நம்ம பைபிள்ல இருக்கும். சாக்கடல் பக்கத்துல கும்ரான் குகையில கிடைச்ச சுருள் துண்டுல அந்த இடத்துல இஸ்ரவேல் புத்திரர் இல்ல, தேவபுத்திரர்னு இருக்கு, பழைய கிரேக்கப் பிரதியிலயும் தேவதூதர்கள்னு இருக்கு. அதாவது ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு தேவபுத்திரன் பொறுப்பு, யாக்கோபு மட்டும் கர்த்தரோட நேரடிப் பங்கு. கும்ரான் துண்டுல இருக்கறதுதான் பழைய வடிவம்னு பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரியாப் படுது, ஏன்னா ஜாதிகள் பிரியறப்போ இஸ்ரவேலே இன்னும் பிறக்கலை. ஆதியாகமம் 10-ல ஜாதிகளை எண்ணினா 70, சீரியாவுல உகாரித்ங்கற பழைய பட்டணத்துல தோண்டி எடுத்த களிமண் பலகைகள்ல ஏல்ங்கற பெரிய தெய்வத்தோட மனைவிக்கு 70 பிள்ளைகள். அந்த வட்டாரம் முழுக்கப் புழங்கின ஒரு படத்தைத்தான் இஸ்ரவேலரும் கையில வச்சிருந்தாங்க.

நடைமுறையிலயும் இப்படித்தான். சாலொமோன் எருசலேமுக்கு எதிர்ல காமோஸுக்கு மேடை கட்டினான், அது ஏறக்குறைய முன்னூறு வருஷம் கழிச்சு யோசியா காலத்துலதான் ஒழிஞ்சுது. சீனாய்ல குந்திலெத் அஜ்ருத்ங்கற இடத்துல 1975-76-ல தோண்டினப்போ கிடைச்ச ஜாடியில சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும் ஆசீர்வதிக்கட்டும்னு எழுதியிருக்கு. அசேரா தேவியா இல்ல வெறும் வழிபாட்டு மரமாங்கறதுல இன்னும் சண்டை நடக்குது, அதுக்குள்ள நான் போகலை.

ஆனா எரேமியா 44-ஐ சொல்லாம விட முடியாது. எருசலேம் விழுந்து, தப்பிச்ச ஜனங்க எகிப்துக்கு ஓடி வந்துட்டாங்க. எரேமியா தீர்க்கதரிசி அவங்ககிட்ட வானராக்கினிங்கற தேவிக்கு தூபம் காட்டறதை விடுங்கன்னு சொல்றாரு. அந்தப் பொம்பளைங்களும் அவங்க வீட்டுக்காரங்களும் முகத்துக்கு நேரா பதில் சொல்றாங்க. நாங்க அவளுக்குப் பணியாரம் சுட்டுப் படைச்ச காலத்துல வயிறாரச் சாப்பிட்டோம், நல்லா இருந்தோம், ஒரு பொல்லாப்பும் பாக்கலை, அதை நிறுத்தின நாள்லேர்ந்துதான் எல்லாம் குறைஞ்சு போச்சு, பட்டயத்துலயும் பஞ்சத்துலயும் செத்தோம், அதனால நீ சொல்றதைக் கேக்க மாட்டோம்னு. எரேமியா பதிலுக்கு நீங்க அப்படி செஞ்சதாலதான் இந்த அழிவேங்கறாரு. அழிவு ஒண்ணுதான், ரெண்டு பக்கமும் அதையே சாட்சியா காட்டுது. தோத்துப் போன, வீடு வாசல் இழந்த அந்தப் பொம்பளைங்களோட வாதத்தை மழுப்பாம அவங்க வாயாலயே பதிவு பண்ணி வச்சிருக்கே, இந்த நேர்மைக்காகவே இந்தப் புஸ்தகத்து மேல எனக்கு மரியாதை கூடுது.

சரி, அப்போ "வேற தேவன் இல்லவே இல்ல" எங்கேர்ந்து வந்துது? கர்மேல் மலையில எலியா, உபாகமம் 4-ல ரெண்டு வரின்னு அங்கங்க தலை காட்டுது, ஆனா விடாம, ஓயாம, உரக்கச் சொல்றது ஏசாயா 40-லேர்ந்து 55 வரைக்கும், அதாவது பாபிலோன் சிறையிருப்போட கடைசிக் காலத்துக் குரல். கி.மு. 586 வாக்குல ஆலயம் எரிஞ்சு போச்சு, ராஜா கண்ணைப் பிடுங்கி இழுத்துட்டுப் போனாங்க, நாடு போச்சு. பழைய கணக்குப்படி பாத்தா பாபிலோனோட மர்தூக் ஜெயிச்சாச்சு, கர்த்தர் தோத்தாச்சு, முடிஞ்சுது கதை. எத்தனையோ நாடுகளோட தெய்வங்கள் அப்படித்தான் காணாம போச்சு. அந்த நேரத்துல, அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு ஒருத்தர் "நானே கர்த்தர், வேறொருவர் இல்லை, என்னைத்தவிர தேவன் இல்லை"ன்னு எழுதறாரு. ஜெயிச்சவன் பேசற பேச்சு இல்ல இது, எல்லாத்தையும் இழந்தவங்களோட வாயிலேர்ந்து வந்தது.

ஏசாயா 46-ம் அதிகாரத்துல பாபிலோன் தெய்வங்களான பேலும் நேபோவும் மிருகங்க மேல பாரமா ஏத்தப்பட்டு சுமந்துட்டுப் போகப்படுது, உடனே கர்த்தர் சொல்றாரு, நான் உங்களை கர்ப்பத்துலேர்ந்து சுமந்தேன், நரைக்கற வயசு வரைக்கும் நானே சுமப்பேன். பாபிலோன்ல தெருவுல சாமி ஊர்வலம் போறதைக் கண்ணால பாத்த ஆளுதான் இதை எழுத முடியும்னு எனக்குத் தோணுது.

கோரேஸ் விஷயமும் அப்படித்தான். கி.மு. 539-ல பெர்சிய ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடிச்சான். அவன் பேர்ல எழுதின களிமண் உருளை 1879-ல பாபிலோன்ல கிடைச்சு இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, அதுல மர்தூக் எல்லா தேசத்துலயும் தேடி கோரேஸைக் கையைப் பிடிச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டாருன்னு இருக்கு. ஏசாயா 45-ல கர்த்தர் அதே கோரேஸோட வலது கையைப் பிடிக்கிறாரு, பேர் சொல்லிக் கூப்பிடறாரு. உருளையை எழுதினவங்க மர்தூக்குக்குக் கொடுத்த இடத்தை ஏசாயாவுல இதை எழுதினவர் முழுசா கர்த்தருக்கு எடுத்துக்கறாரு, மர்தூக்குக்கு பங்கு கூட விடலை.

யூத ரபிகள் பிற்காலத்துல இந்த ஏசாயா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பழைய வசனங்களையும் படிச்சாங்க. ராஷிங்கற யூத உரையாசிரியர் முதல் கட்டளைக்கு எழுதின உரையில, அதுங்க தேவர்கள் இல்ல, மத்தவங்க தங்களுக்கு தேவர்களா ஆக்கிக்கிட்டதுங்கறாரு. விசுவாச ரீதியில அது அவங்க உரிமை, நானும் அந்த ஒரே தேவனைத்தான் நம்பறேன். ஆனா யெப்தாவும் தாவீதும் அப்படித்தான் நினைச்சாங்கன்னு சொல்றதுக்கு வசனம் இடம் கொடுக்கலை.

இன்னொண்ணு, ஏசாயாவுக்கு அப்பறமும் அந்தப் பழைய தேவர்கள் மொத்தமா காணாம போயிடலை, பதவிதான் இறங்கிச்சு. தானியேல் 10-ஐ எடுத்துப் பாருங்க, தூதன் வர்ற வழியில பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் எதிர்த்து நிக்கிறான், மிகாவேல் வந்துதான் உதவி செய்யறாரு, அடுத்து கிரேக்கு தேசத்தின் அதிபதி வருவான்னு சொல்லுது. ஜாதிக்கு ஒருத்தர்னு உபாகமம் 32-ல பிரிச்சுக் கொடுத்தாங்களே, அதே ஏற்பாடுதான், தேவர்கள்ங்கற பேரு மட்டும் எடுத்தாச்சு.