லீவு முடிந்த மகனைத் தேடி மிலிட்டரி போலீஸ் வீட்டுக்கு வருமா?

கேள்வி: ராணுவத்தில் சிப்பாயாக இருக்கும் மகன், லீவு முடிந்து 18 நாளாகியும் போகவில்லை. மஞ்சள் காமாலை என்கிறான். மிலிட்டரி போலீஸ் வந்து எங்களையும் பிடிக்கும், 40,000 ரூபாய் கொடுத்தால் பெயரை எடுத்துவிடலாம் என்கிறார் ஊரில் ஒருவர். கொடுக்கலாமா? - ஒரு தாய், குடியாத்தம்.

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள் அம்மா. சிவப்புத் தொப்பி போட்ட மிலிட்டரி போலீஸின் வேலை, ராணுவ வண்டி வரிசைக்கு வழி ஏற்படுத்துவது, போர்க் கைதிகளைப் பார்த்துக்கொள்வது, படையாட்களிடம் ஒழுங்கு காப்பது. அவர்களின் தலைவரான புரோவோஸ்ட் மார்ஷலே சிப்பாயைப் பிடித்து வைக்கலாமே தவிர, தானாகத் தண்டனை தர முடியாது என்கிறது 1950 ராணுவச் சட்டம். பெயரை எடுக்க அங்கே ஆள் ஏது? வராதவரைப் பற்றி யூனிட் தலைமை அதிகாரி உள்ளூர் அதிகாரிகளுக்கு எழுதுவார். வீட்டுக்கு வருவது பெரும்பாலும் நம்மூர் போலீஸ்தான்.

30 நாள் தாண்டினால் யூனிட்டில் விசாரணை நடத்தி, வராதவர் எனப் பதிவு செய்வார்கள். அதன்பிறகும் தானாகச் சரணடையாமலோ பிடிபடாமலோ இருந்தால் ஓடிப்போனவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். அதற்குள் அவன் கிளம்பட்டும். வராத நாள்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள், யூனிட்டில் தண்டனையும் இருக்கலாம், தாங்கக்கூடியதுதான்.

உங்களைப் பிடிப்பார்களா? ஓடிப்போனவர் என்று தெரிந்தே ஒளித்து வைத்தால் 2 ஆண்டு வரை சிறை உண்டு. இதில் ஒரே விலக்கு, கணவன் அல்லது மனைவி. மருமகள் சோறு போட்டு வீட்டில் வைத்திருந்தால் குற்றமில்லை. அதையே பெற்ற தாய் செய்தால், அண்ணன் செய்தால், மாமனார் செய்தால் குற்றம். நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் மகன் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை, பயம் வேண்டாம்.

உண்மையிலேயே காமாலை என்றால் குடியாத்தம் அரசு மருத்துவமனையிலோ அடுக்கம்பாறையிலோ சேர்த்து, அந்தச் சீட்டின் நகலோடு யூனிட்டுக்கு இன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள். போனும் போடுங்கள், எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் இந்தி. கிராமத்துத் தாய்க்குத் தமிழில் பதில் சொல்ல ஓர் ஆளை வைக்க இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. வேலூரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கடிதம் எழுத உதவி கேளுங்கள். காசுக்கு விற்கும் மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும் வேண்டவே வேண்டாம். லீவு தாண்டியது ஒரு குற்றம், பொய்ச் சீட்டு இன்னொன்று.

அந்த ஆளுக்கு ஏற்கெனவே முன்பணம் போயிருந்தால், தேதியையும் பணம் அனுப்பிய விவரத்தையும் எழுதிக்கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.